ஹெஸ்டரின் ஓட்டை இலைகள்

பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பெட்டியைக் காலிடுக்கில் திணித்து, கோயம்புத்தூர் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் நடத்துனர் வந்தார். திருப்பூருக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். அவர் என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இது திருப்பூருக்குள்ள போகாதுங்களே. அவினாசியில எறக்கி உட்டர்றேன், அங்கிருந்து டவுன் பஸ் புடிச்சுக்குங்க."

"போர்டுல திருப்பூர்னு பாத்துட்டுத்தானே ஏறினேன்?"

"அது முன்னாடி நின்ன பஸ்ஸுங்க."

பினாங்கில் இப்படித் தப்பாக ஏறினால் ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு முறை முறைப்பார், அவ்வளவுதான். இங்கே என் முட்டாள்தனத்தை அவ்வளவு மரியாதையாக எடுத்துச் சொன்னதால் நான் நன்றி வேறு சொல்லிவிட்டேன். பின் இருக்கையில் யாரோ யாரிடமோ மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "வெளிநாட்டுப் புள்ளையாட்ட இருக்குது. பெட்டியில ஒட்டியிருக்குது பாரு சீட்டு."

அவினாசி மேம்பாலத்தின் கீழே வெயிலில் நின்று, டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா கேட்டார்: "பனியன் கம்பெனிக்குங்களா?" ஆமாம் என்றேன். "வேலைக்குங்களா, ஆர்டர் குடுக்கறதுக்குங்களா?" "குடுத்த ஆர்டரத் திருத்துறதுக்கு" என்றேன். அவர் முகத்தில் அந்தக் கம்பெனிக்காரர் மேல் ஒரு இரக்கம் வந்து போனது.

நான் வந்த காரியம் இதுதான். பினாங்கில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். ஹெஸ்டர் மால்பி என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியருக்கு அங்கே ஒரு கண்காட்சி வைக்கிறோம். அங்கே உள்ள கடையில் விற்கவும், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டும் தன்னார்வலர்கள் போட்டுக்கொள்ளவும் டி-ஷர்ட். முன்பக்கம் அவள் வரைந்த இலைகள். திருப்பூர் நல்லூர் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி ஒப்புக்கொண்டது. சில நாளில் மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பச்சை அருமை, நரம்புகள் அருமை. இலைகளில் ஓர் ஓட்டைகூட இல்லை.

ஹெஸ்டர் வரைந்த இலைகளில் ஓட்டை இல்லாதது ஒன்றுகூடக் கிடையாது. புழு தின்றது, வண்டு துளைத்தது, நோய் கருக்கியது. அதுதான் அவள் வேலை. உடனே கம்பெனிக்கு போன் போட்டேன். "ஆமாங்க, சுத்தம் பண்ணிப்போட்டோமுங்க" என்று ஒரு குரல் பெருமையாகச் சொன்னது. இல்லை, ஓட்டை வேண்டும் என்று விளக்கினேன். மறுபடி படம் வந்தது. இந்தத் தடவை இலை ஓரத்துக் கருகலையும் எடுத்திருந்தார்கள்.

எங்கள் மேலாளர் மலேசிய 'லா'வைப் போட்டுச் சிரித்தார். "விடு லா, இலை இலைதானே. யார் கவனிக்கப் போறா?" நான் கவனிப்பேன். நேரில் போவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை சரக்கு கிளம்பினால்தான் திறப்பு விழாவுக்கு வந்து சேரும். வந்தால் ஓட்டையோடு வரட்டும். ஓட்டை இல்லாமல் வருவதற்குக் கண்காட்சிக் கடை காலியாகவே இருக்கலாம்.

டவுன் பஸ் ஊர்ந்தது. ஹெஸ்டரைப் பற்றிச் சொல்ல இதுவே நல்ல நேரம்.

அவள் அண்ணன் பினாங்கில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்தான். அவனுக்கு வீடு பார்த்துக்கொள்ள இங்கிலாந்திலிருந்து வந்தவள் ஹெஸ்டர். கல்யாணம் ஆகவில்லை, புகைப்படம் இல்லை. தோட்டத்தில் நோய் விழுந்து மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அப்போது சுற்றுவட்டார வெள்ளைக்காரப் பெண்கள் பூங்கொத்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவள் செத்துக்கொண்டிருந்த இலைகளை வரைய உட்கார்ந்தாள். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் இலை பறித்துக்கொண்டுவந்து கொடுப்பார்களாம். அவர்களில் பாதிப்பேர் நம்மவர்களாக இருந்திருக்க வேண்டும், பெயர் எதுவும் எங்கும் இல்லை. வெயில் ஏறினால் இலை சுருண்டுவிடும். சுருளுவதற்குள் வரைய வேண்டும்.

அந்தப் படங்களை அண்ணன் லண்டனுக்கு அனுப்பிவைத்தான். கீழே பெயரின் முதல் எழுத்து மட்டும் இருந்ததால் அங்கே இருந்த தாவர நிபுணர் இதை வரைந்தது ஒரு ஆண் என்றே நினைத்தார். திறமைசாலிதான், ஆனால் பழுதில்லாத இலைகளாகப் பொறுக்கி வரையட்டும் என்று அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஹெஸ்டர் அடுத்த கட்டுப் படங்களில் இன்னும் பெரிய ஓட்டைகளாகப் பொறுக்கி வரைந்தாள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும். கல்லறையில் அண்ணன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே "இவருடைய சகோதரியும்" என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

நல்லூரில் வீடு எங்கே முடிகிறது, கம்பெனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரு வாசலில் கோலம், அடுத்த வாசலில் வெட்டுத்துணி மூட்டை, அதற்கடுத்ததில் இரண்டும். தெரு முழுக்கத் தையல் மெஷின் இரைச்சல். கம்பெனி முதலாளி பழனியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப்பையில் ஒரு கத்தரி.

"வாங்க அம்மணி, வாங்க. சாப்பாடாச்சுங்களா?"

"சாப்பாடு இருக்கட்டும் அண்ணே, அந்த இலை..."

"இலை எங்கீங்க போயிருது. முதல்ல சோறு."

கம்பெனிக்கு மேலேயே வீடு. அவர் மனைவி அரிசிம்பருப்புச் சோற்றைத் தட்டில் போட்டு, நெய்யைக் குழி பறித்து ஊற்றினார். எங்கள் ஊர் நாசி லெமாக் சோற்றில் தேங்காய்ப்பால் வாசம் முன்னால் ஓடிவந்து நிற்கும். இது அப்படியில்லை. முதல் வாய் சாதாரணமாக இருந்தது, மூன்றாவது வாயில் நான் சண்டை போட வந்ததே மறந்துவிட்டது. இவர்கள் விருந்தாளிக்கு முதலில் சோறு போடுவதன் காரணம் அப்போது புரிந்தது.

சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். படங்களைக் கம்ப்யூட்டரில் தயார் செய்பவன் ஜெபராஜ். திருநெல்வேலிப் பக்கம், என் வயதுதான் இருக்கும். திரையில் ஹெஸ்டரின் இலைகளைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒரு சொத்தை இல்லை. பிளாஸ்டிக் செடிபோலப் பளபளத்தன.

"எக்கா, ஒவ்வொரு ஓட்டையா உக்காந்து அடைச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க. எம்புட்டு ஓட்டை! புழு புகுந்து வெளையாடிருக்குல்லா."

"அந்தப் புழு தின்னதத்தான் ஜெபராஜ் அவ வரைஞ்சா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவன் திரையைப் பார்த்தான். "அப்ப நான் செஞ்ச வேல?"

"ரொம்ப அழகான வேல. அழிச்சிருங்க."

பழனியப்பன் நடுவில் வந்தார். "அம்மணி, அவனைத் திட்டாதீங்க. பனியன் தொழில்ல ஓட்டைங்கறத நாங்க சத்தமாக்கூடச் சொல்ல மாட்டோமுங்க. ஊசி ஒடஞ்சாலும் ஓட்டை, நூல் அறுந்தாலும் ஓட்டை. மொளகு மாதர இருக்கும், ஒரு தொவைப்புல ரூபாய் அகலமாயிரும். ஓட்டையப் பாத்தா வாங்கற பயர் மொத்த லாட்டையும் திருப்பி உட்ருவானுங்க. நாங்க எங்க ஓட்டையப் பாத்தாலும் கை தானா அடைக்கப் போயிரும்."

"இங்க பயர் நான்தானே அண்ணே?"

"நீங்கதானுங்க. நாளைக்கு ஒருத்தர் வாங்கிட்டுப் போயி, துணியில ஓட்டைன்னு திருப்பிக் கொண்டாந்தா?"

"படம்னு தெரிஞ்சதும் சிரிப்பாங்க."

"உங்களைப் பாத்துச் சிரிப்பாங்களா, எங்களைப் பாத்துங்களா?"

அதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை என்று போனை எடுத்தேன். ஹெஸ்டர் முடிக்காமல் விட்ட ஒரு தாள் இருக்கிறது. அதன் படத்தை ஜெபராஜிடம் நீட்டினேன். வெள்ளைத் தாள். அதில் அங்கங்கே சின்னச் சின்னப் பழுப்பு வளையங்கள், வேறு ஒன்றுமில்லை.

"இலை எங்கன?"

"இன்னும் வரையல. அவ எப்பவும் ஓட்டையத்தான் முதல்ல வரைவா. காத்துப்பட்டா அந்த ஓரம் காஞ்சு சுருங்கிரும், வடிவம் மாறிரும். அதப் பிடிச்சு வெச்சுட்டு அப்பறம் சுத்தி இலையப் போடுவா. ஓட்டைக்குள்ள பாருங்க, பெயின்ட்டே கிடையாது. வெறும் தாளு."

ஜெபராஜ் வளையங்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "இவிய ஓட்டையில ஆரம்பிச்சு இலைக்கு வந்திருக்காவ. நான் இலையில ஆரம்பிச்சு ஓட்டைய முடிச்சிருக்கேன்." அப்படியே திரும்பி, தான் செய்த பைலைத் தூக்கிக் குப்பையில் போட்டான். "பழனியப்பண்ணே, இன்னைக்கு வேற வேல தராதிய."

பழனியப்பன் பெருமூச்சு விட்டார். "ஆகட்டும். ஆனா அம்மணி, படம் அடிக்கறது என்ற கையில. செக்கிங் டேபிள் என்ற கையில இல்லீங்க." அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் முழுக்க ஜெபராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாகச் சரிபார்த்தேன். இடையிடையே தெருமுனை பேக்கரிக்கு ஓட்டம். இந்த ஊரில் மூச்சுவிட நின்றால் அங்கே ஒரு பேக்கரி இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் டீ, எண்ணெய்க் காகிதத்தில் முட்டை பப்ஸ், நின்றபடியே வியாபாரம். எங்கள் ஊர் டீ தே தாரிக்கில் பாதி நுரை, அரட்டைக்கென்றே செய்தது. இங்கே டீ இரண்டு உறிஞ்சலில் முடிகிறது. பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்:

"நூல் வந்துருச்சா?"

"வந்துருச்சு. கலர் வரல."

சாயங்காலம் போனபோதும் அதே இரண்டு பேர்:

"கலர் வந்துருச்சா?"

"வந்துருச்சு. கரண்ட் வரல."

பிரிண்டிங் வேலை வீரபாண்டியில். புதன்கிழமை ஜெபராஜின் பைக்கில் கிளம்பினோம். முதுகில் என் பை, மடியில் பிலிம் சுருள். அந்த பிலிமை வைத்துத்தான் பிரிண்ட் அடிக்கும் சட்டங்களைத் தயார் செய்வார்கள். ஒரு வேகத்தடையில் பைக் குதித்தது, நானும் குதித்தேன், சுருள் என்னைவிட உயரமாகக் குதித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் வந்த மினி பஸ் அதன்மேல் ஏறிவிட்டது. பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "தம்பி, உன்ற பாய் உழுந்துருச்சு பாரு" என்றார். ஹெஸ்டரின் இலைகள் எல்லாவற்றிலும் டயர் தடம்.

"எக்கா, இதையும் அவிய வரைஞ்சதுன்னு சொல்லிருவமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போய் மறுபடி பிலிம் எடுத்து, மறுபடி வீரபாண்டி. அரை நாள் போயிற்று. இந்தத் தடவை சுருளைக் கைக்குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். ஜெபராஜ் எருமை மாட்டு வேகத்தில் ஓட்டினான்.

பிரிண்டிங் கூடத்தில் நீளமான மேசைகள். தைப்பதற்கு முன் வெட்டிய துணியை அதில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். பிரிண்ட் அடிக்கும் சுனில் பீகாரிலிருந்து வந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். கூடமே சிரித்தது. ஜெபராஜ் மொழிபெயர்க்கத் தயங்கினான்.

"பரவாயில்ல, சொல்லுங்க."

"ஒங்க நாட்டுல பூச்சிமருந்தே கெடைக்காதான்னு கேக்காரு."

"கெடைக்கும், ஆனா இந்த அம்மா அடிக்க விடலன்னு சொல்லுங்க."

முதல் துணியில் ஓட்டைகளின் பழுப்பு ஓரம் தடித்துப்போய், யாரோ சிகரெட்டால் சுட்டமாதிரி இருந்தது. இரண்டாவதில் ஓரம் மெலிந்து, இலைமேல் வெள்ளைப் பொட்டு வைத்தமாதிரி இருந்தது. நான் இரண்டையும் வேண்டாம் என்றேன். சுனில் பழுப்பில் கொஞ்சம் பச்சையைக் கலந்தார், மறுபடி கொஞ்சம், இன்னொரு சொட்டு. மூன்றாவது துணியைத் தூக்கிக் காட்டியபோது என் ஆள்காட்டி விரல் தானாகப் போய் ஓட்டைக்குள் நுழையப் பார்த்தது. முட்டி நின்றது. உள்ளே முழுத் துணி, மை படாத வெறும் துணி, ஹெஸ்டர் விட்டுவைத்த வெறும் தாளைப்போலவே.

சுனில் கைதட்டிச் சிரித்தார். பிறகு அந்தப் பக்கம் போனவர் வந்தவர் எல்லோரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூட டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரல் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு தத்ரூபமாக வந்ததில் ஒரு வம்பு இருக்கிறது என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தைத்து முடித்துவிடுவார்கள் என்றார்கள். மத்தியானம் நல்லூர்க் கம்பெனிக்குத் துள்ளிக்கொண்டு போனேன். செக்கிங் என்பது கடைசிப் படி. தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் பெண்கள் மேசைமேல் விரித்து, பிசிறு வெட்டி, பழுது இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைப்பார்கள். நல்லது வலப்பக்கம், பழுது இடப்பக்கம்.

வலப்பக்கம் தரை தெரிந்தது. இடப்பக்கம் மலை.

நான் ஒரு டி-ஷர்ட்டை எடுத்தேன். ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்து ஒவ்வொரு சிவப்பு அம்பு. இலைகளே தெரியவில்லை. அம்மை போட்டமாதிரி இருந்தது.

"ஆருங்க இது?" என்று மேசைத் தலைமாட்டில் நின்ற அக்கா பழனியப்பனைக் கேட்டார். பெயர் செல்வமணி, செக்கிங்குக்கு அவர்தான் பொறுப்பு. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி.

"இவியதான் பயரு, செல்வமணி."

"இவியளா? ஏனுங்க அம்மணி, இந்தத் துணிய உங்களுக்கு ஆருங்க வித்தாங்க? எலி கடிச்ச துணிமேல பிரிண்ட் அடிச்சு வெச்சிருக்கறாங்க."

"அக்கா, அது ஓட்டை இல்ல. படம்."

அவர் விரலை வைத்துப் பார்த்தார். இன்னொன்றில் வைத்துப் பார்த்தார். மேசையிலிருந்த பெண்கள் எல்லோரும் விரலை வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். செல்வமணி சிரிக்கவில்லை.

"வெளங்குது. படத்துல ஓட்டை. அப்ப நெசமாலுமே துணியில ஓட்டை இருந்தா, அது எதுன்னு நாங்க எப்படிங்க கண்டுபுடிக்கறது? ஒரு ஒரு பீஸா ஒரு ஒரு ஓட்டையா விரல வெச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தா அடுத்த பொங்கலாயிரும். பாக்காம உட்டா, நாளைக்கு உங்கூர்ல ஓட்டைன்னு வந்து நிக்கும். அப்ப ஆரு பேருங்க கெடும்? இந்தப் படம் வரைஞ்ச அம்மா பேரா? செல்வமணி பேருங்க."

அவர் சொல்வது சரி. பழனியப்பன் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"ஒண்ணு பண்ணலாமுங்க. கையில பச்சைய வெச்சு ஓட்டைகளை அடைச்சுப்போடலாம். ஆளுங்க இருக்கறாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும், உங்க சரக்கு போயிரும். உங்கூர்ல ஆருக்குமே தெரியாதுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நல்லெண்ணத்தோடு, இவ்வளவு பணிவாக, சாப்பாடு போட்டு, ஊரே சேர்ந்து அந்த ஓட்டைகளை அடைக்கக் காத்திருந்தது. லண்டன் நிபுணரும் கெட்டவர் இல்லை. அவரும் உதவத்தான் நினைத்தார்.

"அடைக்கக் கூடாது அண்ணே. கொஞ்சம் டைம் குடுங்க."

வாசலில் போய் நின்றேன். ஹெஸ்டரின் தாள்களை முதன்முதலில் கையில் வாங்கிய நாளை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கும் இதே தகராறு. ஈரக்காற்றில் எத்தனையோ வருடம் கிடந்த தாள்களைப் பூச்சி அரித்திருந்தது. அவள் வரைந்த ஓட்டை எது, தாளிலேயே விழுந்த ஓட்டை எது என்று தெரியாமல் விழித்தோம். பிறகு தாளை விளக்குப் பெட்டிமேல் வைத்தோம். கண்ணாடி மேல்தளம், அடியில் வெளிச்சம். வரைந்த ஓட்டை மங்கலாக நின்றது, நிஜ ஓட்டை ஊசிபோலக் கண்ணைக் குத்தியது.

உள்ளே ஓடினேன். "ஜெபராஜ்! பிலிம் பாக்க லைட்டுப் பெட்டி வெச்சிருப்பீங்கள்ல?"

"மேல கெடக்கு. ஏன்?"

"தூக்குங்க."

கண்ணாடி மூடிய சின்னப் பெட்டி, உள்ளே குட்டி டியூப் லைட். அதைச் செக்கிங் மேசைமேல் வைத்து, தலையணைக்கு உறை மாட்டுவதுபோல் ஒரு டி-ஷர்ட்டை அதன்மேல் இழுத்து மாட்டினேன். இலைகள் கண்ணாடிக்கு நேர் மேலே வந்தன. பழனியப்பன் தாமே போய்க் கூடத்து விளக்குகளை அணைத்தார். லைட்டுப் பெட்டி எரிந்தது.

இலைகள் கரும்பச்சையாக நின்றன. ஹெஸ்டரின் ஓட்டைகள் ஒவ்வொன்றும் பால் நிறத்தில் மங்கலாக ஒளிர்ந்தன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் துணியின் பின்னல் வரிவரியாகத் தெரிந்தது. செல்வமணி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார்.

"அடுத்ததப் போடு புள்ள."

அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு ஒன்றில், ஹெஸ்டரின் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே, கண்ணைக் குத்துகிற ஒரு வெள்ளைப் புள்ளி.

"இந்தா!" செல்வமணி பாய்ந்து அதன்மேல் விரலை வைத்தார். விரல் நகம் உள்ளே போயிற்று. "இதுதானுங்க ஓட்டை! இது ஊசி ஒடஞ்ச ஓட்டை. கையில வெச்சுப் பாத்திருந்தா இதையும் அந்தம்மா கணக்குல எழுதியிருப்பேன்." சிவப்பு அம்பை எடுத்து ஓங்கி ஒட்டினார். மேசையே கைதட்டியது.

சனிக்கிழமை காலையில் நான் போனபோது செக்கிங் ஆரம்பமாகிவிட்டிருந்தது. ஜெபராஜ் எங்கிருந்தோ இன்னும் இரண்டு லைட்டுப் பெட்டி கடன் வாங்கி வந்திருந்தான். ஜன்னல்களுக்குப் பழைய போர்வை தொங்கியது. ஒருத்தி மாட்டுகிறாள், ஒருத்தி பார்க்கிறாள், ஒருத்தி இழுத்து மடிக்கிறாள். நான் அம்பு பிய்க்கும் வேலையில் உட்கார்ந்தேன். முதல்நாள் ஒட்டியவற்றையெல்லாம் பிய்க்க வேண்டும். விரல் நுனி பசையில் கருத்தது.

"அம்மணி, இந்தக் கழுத்து லேபிள்ல இருக்கறது கம்பெனிப் பேருங்களா?" என்று மாட்டிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்.

"இல்லீங்க. இத வரைஞ்சவங்க பேரு. ஹெஸ்டர் மால்பி."

"இன்னும் இருக்கறாங்களா?"

"செத்துப் போயி நூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப இத்தன வருசம் இத எங்க வெச்சிருந்தாங்க?"

"அலமாரியில."

"பாவம்" என்றாள். பிறகு, "பூச்சி தின்ன இலைய ஏனுங்க வரையணும்? நல்ல இலை கெடைக்கலீங்களா?"

"அவங்க தோட்டத்துல அப்ப நல்ல இலையே இல்ல. இருந்தத வரைஞ்சாங்க."

"அதுவுஞ் சரிதான்" என்று அடுத்ததை மாட்டினாள். நான் எங்கள் கண்காட்சிக்கு எழுதிய நீளமான அறிமுகத்தில் பாதியை வெட்டலாம் என்று தோன்றியது.

மத்தியானம் வலப்பக்கத்து அடுக்கு இடுப்புயரம் வந்திருந்தது. பழனியப்பன் வந்து இரண்டு பீஸைத் தாமே பெட்டிமேல் மாட்டிப் பார்த்தார். வண்டிக்காரருக்கு போன் போட்டார். "வெசையா வாங்க. ஓட்டை பீஸெல்லாம் ரெடி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சொன்னது தன் வாய்தானா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். மேசைப் பெண்கள் சிரித்து ஓய்வதற்கு நேரமாயிற்று.

கடைசி அடுக்கு. செல்வமணியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை மாட்டியதும் கை நின்றது. குனிந்தார், நிமிர்ந்தார். பெட்டியிலிருந்து உருவி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். இன்னும் என்ன?

"அம்மணி, இங்க வாங்க. இதப் பாருங்க."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல பிரிண்ட், நல்ல தையல், துணியும் சுத்தம்.

"என்னக்கா? நல்லாத்தானே இருக்கு?"

"எங்கீங்க நல்லா இருக்குது? இந்த நடு இலையில மேலோரத்துல ஒரு சின்ன ஓட்டை வரோணுமில்ல? மை எறங்கி அடைச்சுப்போட்டுது." சின்னக் கத்தரியின் நுனியால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். பச்சை, பழுதில்லாத பச்சை. "பாக்காம உட்டிருந்தா இப்படியே உங்கூருக்கு வந்திருக்கும்."

சிவப்பு அம்பு ஒன்றை எடுத்து, அந்த முழு இலையைப் பார்த்து ஒட்டி, இடப்பக்கம் வீசினார்.

"ஓட்டை இல்லீங்க. டேமேஜ்."